பேச்சி, நீ என்ன பண்ற?

(எபிசோடில் பேசியது, வாசிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டுள்ளது.)

இந்த வாரம் ஒரு விளையாட்டைப் பத்திப் பேசப் போறேன். விளையாட்டுன்னதும் போன் கேம், கன்ட்ரோலர்னு போயிடாதீங்க. இதுக்கு ஸ்கிரீனே கிடையாது. பென்சில், பேப்பர், கொஞ்சம் பகடை, நாலஞ்சு ஃப்ரெண்ட்ஸ். அவ்வளவுதான் தேவை.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். சுருக்கமா டி அண்ட் டி. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' பார்த்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும், முதல் எபிசோட்ல அந்தப் பசங்க பேஸ்மென்ட்ல உட்கார்ந்து கத்திக்கிட்டே விளையாடுவாங்களே, அதேதான். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன்னு ரெண்டு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974ல வெளியிட்டது. அதுக்கு முன்னாடி இவங்களை மாதிரி ஆட்கள் மேஜை மேல குட்டி குட்டிப் பொம்மைப் படைகளை நிறுத்தி போர் விளையாடிட்டு இருந்தாங்க. படையை நகர்த்துறதுக்குப் பதிலா, அந்தப் படையில ஒரே ஒரு ஆளா நாமே இருந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சாங்க. அங்கதான் இது ஆரம்பிச்சது.

எப்படி விளையாடுறது? ஒருத்தர் கதை சொல்லுவார். அவருக்கு டன்ஜன் மாஸ்டர்னு பேர். மத்தவங்க ஆளுக்கு ஒரு பாத்திரம். கதை சொல்றவர் ஒரு இடத்தை விவரிப்பார்: "ராத்திரி. மழை. எதிர்ல ஒரு பாழடைஞ்ச மண்டபம். உள்ள ஏதோ வெளிச்சம்." அப்புறம் உங்களைப் பார்த்துக் கேட்பார், "நீ என்ன பண்ற?" நீங்க சொல்லணும். உள்ள போறேன்னு சொல்லலாம், ஓடிடுறேன்னு சொல்லலாம், மண்டபத்து மேல ஏறுறேன்னு சொல்லலாம். நடக்குமா நடக்காதான்னு சந்தேகம் வர்ற இடத்துல மட்டும் பகடை. 20 முகம் இருக்கிற பகடை. விழுந்த எண்ணோட உங்க பாத்திரத்தோட திறமையைக் கூட்டி, தேவையான எண்ணைத் தொட்டா ஜெயிச்சீங்க.

இந்த எபிசோட் முழுக்க அந்த ஒரு கேள்வியைப் பத்திதான். நீ என்ன பண்ற?

பாளையங்கோட்டைக்கு வந்த பகடை

2017. நான் பி.எஸ்சி கணக்கு முடிச்சுட்டு திருநெல்வேலி டவுன்ல வீட்டுல இருந்து பேங்க் எக்ஸாமுக்குப் படிச்சிட்டு இருந்தேன். அதாவது, படிச்சிட்டு இருக்கேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தேன். ஸ்கூல்ல கூடப் படிச்ச ஒருத்தன் பெங்களூர்ல வேலையை விட்டுட்டு ஊருக்குத் திரும்பி வந்தான். வரும்போது ரெண்டு பொருள் கொண்டு வந்தான். ஒரு பிளேயர்ஸ் ஹேண்ட்புக். ஒரு சின்ன சுருக்குப் பையில ஏழு பகடை. பாளையங்கோட்டையில அவன் வீட்டு மொட்டை மாடியில ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டரைக்கு ஆரம்பிச்சோம். மொத்தம் அஞ்சு பேர். மூணு பசங்க, ரெண்டு பொண்ணுங்க.

ஃப்ரெண்ட்ஸோட நிஜப் பேரைச் சொல்ல மாட்டேன். பாத்திரத்தோட பேர்லயே சொல்றேன், இப்பவும் வாட்ஸ்அப்ல அப்படித்தான் கூப்பிட்டுக்கிறோம். கதை சொன்னவனை டன்ஜன் மாஸ்டர்னு கூப்பிட வாய் வரல. அண்ணாவின்னு வச்சோம். எங்க பக்கம் கணியான் கூத்துல தலைமைப் பாடகருக்கு அந்தப் பேர்தான். வாளைத் தூக்கிட்டு முதல்ல பாயுற ஆள் மாடக்கண்ணு. மந்திரவாதி குறுமுனி, அகத்தியர் மாதிரி நாலடி உயரம். பூட்டை உடைக்கிற, பூனை மாதிரி சுவரேறுற ஆள் ஓணான். ஓணானா விளையாடினது இன்னொரு பொண்ணு.

என் பாத்திரத்தோட பேர் பேச்சி.

திருநெல்வேலிக்காரங்களுக்குத் தெரியும், இங்க தெருவுக்கு ஒரு பேச்சியம்மாள் இருப்பாங்க. பேச்சியம்மன் பேரு. நான் அந்தப் பேரை எடுத்ததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. நான் பேசவே மாட்டேன். அஞ்சு பேருக்கு மேல இருந்தா வாய் ஒட்டிக்கும். அதனால பேச்சின்னு வச்சா ஒரு நக்கலா இருக்கட்டும்னு தோணுச்சு.

விளையாட்டுல எல்லாப் பாத்திரத்துக்கும் ஆறு குணம் உண்டு. அதுக்கெல்லாம் நாங்களே தமிழ்ல பேர் வச்சோம். பலம், சுறுசுறுப்பு, தெம்பு, படிப்பு, விவரம். ஆறாவது, நாலு பேரைத் தன் பக்கம் இழுக்கிற சக்தி. அதுக்கு அரை மணி நேரம் சண்டை போட்டு கடைசியில 'கெத்து'ன்னு முடிவாச்சு. 15, 14, 13, 12, 10, 8, இந்த ஆறு எண்ணை ஆறு குணத்துக்கும் பிரிச்சுக் குடுக்கணும். நான் யோசிக்கவே இல்லை. கெத்துக்கு 8. அப்படின்னா பேசி ஜெயிக்கப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் பகடையில விழுந்ததுல இருந்து ஒண்ணு கழியும்.

அவளோட தொழில் ரேஞ்சர். இதைச் சொன்னதும் மாடி முழுக்கச் சிரிப்பு. ஏன்னா எங்க ஊர்ல ரேஞ்சர்னா ஃபாரஸ்ட் ஆபீசர். ஜீப்ல வருவார். விளையாட்டுல அப்படியில்ல, காட்டுல தடம் பார்த்து நடக்கிறவ, வில் பிடிக்கிறவ. இனம்னு ஒண்ணு தேர்ந்தெடுக்கணும். வன எல்ஃபோட விதிகளை அப்படியே எடுத்துட்டு 'மலைக்காரி'ன்னு பேரை மட்டும் மாத்திக்கிட்டோம். அந்த விதிகள்ல ஒரு வரி இருந்துச்சு. இருட்டுல 60 அடி வரைக்கும் கண்ணு தெரியும்.

அந்த வரியைப் படிச்சது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அப்ப எனக்கு வயசு 21. ஆறரை மணிக்குள்ள வீட்டுல இருக்கணும். அதனால ஒவ்வொரு ஞாயிறும் அஞ்சரைக்கு, சில சமயம் சண்டை நடந்துட்டு இருக்கும்போதே, நான் பையை எடுத்துட்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடுவேன். ஜங்ஷன் வழியா ஆத்துப்பாலம், ஈரடுக்கு மேம்பாலம் தாண்டி டவுன் வந்து சேரும்போது வெளிச்சம் மிச்சம் இருக்கணும். என் ஊர் ராத்திரி பத்து மணிக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. பேச்சிக்குத் தெரியும்.

எட்டு அணை, எட்டு காவல்

அண்ணாவி டிராகன் வேண்டாம்னு முதல்லயே சொல்லிட்டான். "ஆத்தைப் பிடிச்சுக்கிட்டே மேல போவோம்"ன்னான்.

தாமிரபரணியை நீங்க மேப்ல பாருங்க. பொதிகை மலையில பிறந்து புன்னக்காயல்ல கடல்ல சேருது. சுமார் 125 கிலோமீட்டர். பிறந்து கடல் சேர்ற வரைக்கும் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடுற ஆறு. அதுல எட்டு பழைய அணைக்கட்டு இருக்கு. மேல இருந்து கீழ வந்தா கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், கடைசியா ஸ்ரீவைகுண்டம்.

எங்க கதை இதுதான். ஆறு வத்திப் போச்சு. கொற்கையில முத்துக் குளிக்கிற காலம். கப்பல் வர்ற துறைமுகம், குடிக்கத் தண்ணி இல்லை. ஏன்னு கண்டுபிடிக்க நாலு பேர் ஆத்தை எதிர்த்து மேல நடக்குறாங்க. ஒவ்வொரு அணையிலயும் ஒரு காவல். தண்ணியை விட மாட்டேன்னு உட்கார்ந்திருக்கிற ஏதோ ஒண்ணு. சில இடத்துல பூதம், சில இடத்துல மனுஷன். கொற்கைக்கு எட்டாவது அணை ஏது, ஸ்ரீவைகுண்டம் வெள்ளைக்காரன் காலத்துல கட்டினதாச்சேன்னு நீங்க கேட்கலாம். குறுமுனி கேட்டான். "அது என் கற்பனையில முன்னாடியே கட்டியாச்சு"ன்னு அண்ணாவி சொல்லிட்டான்.

நாங்க பஸ்ல போற ஊரு, சித்தி வீடு இருக்கிற ஊரு எல்லாம் கதைக்குள்ள வந்துச்சு. ஆதிச்சநல்லூர் மேட்டுல ராத்திரி தங்கினோம், தாழிக்குள்ள இருந்து யாரோ மூச்சு விடுற சத்தம் கேட்டுச்சு. குறுக்குத்துறையில வெள்ளத்துல கோயில் முங்கியிருக்கும்போது கோபுரத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒரு குழந்தையைக் காப்பாத்தினோம். அதுக்கு அடுத்த வாரம் நிஜமாவே குறுக்குத்துறைக்குப் போய், மாடக்கண்ணு எங்க நின்னான், நான் எங்க கயிறு கட்டினேன்னு சண்டை போட்டோம்.

சாப்பாட்டுல ஒரே ஒரு விதி. அல்வா சாப்பிட்ட கையோட புக்கைத் தொடக் கூடாது. 90ஆம் பக்கத்துக்கிட்ட இப்பவும் நெய்க்கறை இருக்கு.

20 சீட்டும் தாயக்கட்டையும்

மூணாவது மாசம் ஒரு துக்கம் நடந்தது. ஓணான் பகடையை வீசினா. அது உருண்டு, துள்ளி, மாடி மூலையில மழைத்தண்ணி போற குழாய்க்குள்ள போயிருச்சு. 20 முகப் பகடை எங்ககிட்ட அது ஒண்ணுதான். குழாய்க்குள்ள என்ன எண் விழுந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. 20தான்னு ஓணான் இன்னைக்கு வரைக்கும் சாதிக்கிறா.

ஆன்லைன்ல ஆர்டர் பண்ணலாம், வர்றதுக்கு நாளாகும். அதுவரைக்கும்? நான் கணக்குப் படிச்சவ இல்லையா, ஒரு வழி சொன்னேன். ஒண்ணுல இருந்து 20 வரைக்கும் சீட்டு எழுதி டிபன் பாக்ஸ்ல போடுங்க. ஒண்ணை எடுங்க. எடுத்ததைத் திரும்ப உள்ள போட்டுக் குலுக்கணும், அது முக்கியம். போடலைன்னா அடுத்து எடுக்கிறவங்களுக்கு வாய்ப்பு மாறிடும். போட்டுட்டா எல்லா எண்ணுக்கும் இருபதுல ஒரு வாய்ப்பு, பகடைக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

சின்னப் பகடைக்கு எங்க ஆச்சியோட தாயக்கட்டையைக் கொண்டு போனேன். பித்தளைக் கட்டை, நாலு பக்கம், சைபர், ஒண்ணு, ரெண்டு, மூணு. ஒரு கட்டையை உருட்டி ஒண்ணைக் கூட்டினா, நாலு முகப் பகடை ரெடி. ரெண்டையும் சேர்த்து உருட்டினா கணக்கே வேற. மொத்தம் 16 விதமா விழலாம். அதுல மூணு விழ நாலு வழி இருக்கு. ஆறு விழ ஒரே ஒரு வழி. தாயம் விழ ரெண்டு வழி, அதாவது எட்டுல ஒரு வாய்ப்பு. சின்ன வயசுல தாயம் விழாம மணிக்கணக்கா உட்கார்ந்திருந்தது ராசி இல்லாததால இல்லை, கணக்கே அப்படித்தான்.

புதுப் பகடை அப்புறம் வந்துச்சு. ஆனா முக்கியமான இடம் வந்தா மட்டும் டிபன் பாக்ஸைத்தான் எடுப்போம். பகடை சட்டுன்னு நின்னுடும். சீட்டுன்னா எடுக்கணும், பிரிக்கணும், எல்லாரும் எட்டிப் பார்க்கணும். அந்த ரெண்டு செகண்ட் இருக்கே, அதுக்காகத்தான்.

ஆச்சி போட்ட 'ஆமா'

தாயக்கட்டையைத் திருப்பி வைக்கும்போது ஆச்சி பிடிச்சுட்டாங்க. "ஏட்டி, இதை எங்கன கொண்டு போயிட்டு வார?"

நான் சொன்னேன். ஆச்சிக்கு முதல்ல புரியல. "அப்பம் வேஷம் கட்டுதியளா? குலசைக்குப் போற மாதிரியா?"

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா. வேண்டுதல் வச்சு, மாலை போட்டு, விரதம் இருந்து, ஆளாளுக்கு ஒரு வேஷம் கட்டுவாங்க. காளி, குரங்கு, கரடி, போலீஸ், ராஜா, பிச்சைக்காரர். குழு குழுவா ஊர் ஊராப் போய் வீட்டு வாசல்ல நின்னு காணிக்கை வாங்கி, பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில சூரசம்ஹாரத்துக்குப் போய்ச் சேருவாங்க. எங்க மாடக்கண்ணுவே வருஷா வருஷம் கரடி வேஷம் கட்டுறவன். நேர்ல பார்த்தா வங்கில போய் செல்லான் கேட்கக் கூச்சப்படுவான். ஆனா வேஷம் கட்டிட்டா எவ்வளவு பெரிய வீட்டு வாசல்லயும் போய் நின்னு ஆடுவான். "அப்ப நான் நான் இல்லல்லா"ன்னு சொல்லுவான்.

நான் ஆச்சிக்கு ஒரு ஞாயித்துக்கிழமைக் கதையை முழுசாச் சொன்னேன். அண்ணாவி என்ன சொன்னான், நாங்க என்ன சொன்னோம். கேட்டுட்டு ஆச்சி, "இது வில்லுப்பாட்டுதாம்ட்டி"ன்னாங்க.

யோசிச்சுப் பார்த்தா சரிதான். கொடை விழாவுல வில்லுப்பாட்டு கேட்டிருப்பீங்க. நடுவுல புலவர், வில்லை வீசுகோலால அடிச்சுப் பாடி கதை சொல்லுவார். பக்கத்துல குடம், உடுக்கை வாசிக்கிறவங்க. அவர் ஒரு வரி சொன்னா, பக்கத்துல இருக்கிறவர் "ஆமா"ன்னு போடுவார். சாமியே வந்தாலும் அந்த ஆமா இல்லாமக் கதை நகராது. பேச்சின்னு ஒருத்தி கிடையாது. நான் சொல்றதை நாலு பேர் ஆமான்னு ஏத்துக்கிறதால மட்டும்தான் அவ நடக்குறா, வில்லை வளைக்கிறா.

அன்னையில இருந்து ஆச்சி கதைக்குள்ள வந்துட்டாங்க. விளையாட்டுல அடிச்சத்தம் கேட்காத மாயக் காலணின்னு ஒண்ணு உண்டு. அண்ணாவி அதை தோல் செருப்பா மாத்தினான். காரையார் சொரிமுத்து அய்யனார் கோயில்ல பட்டவராயன் சன்னதி இருக்கு. முத்துப்பட்டன் கதையைக் கேட்டவங்களுக்குத் தெரியும். பிராமணராப் பிறந்து, செருப்பு தைக்கிறவர் வீட்டுப் பொண்ணுங்க பொம்மக்கா, திம்மக்காவைக் கல்யாணம் பண்ணி, மாட்டைக் காக்கப் போய் உயிரை விட்டவர். அவருக்குக் காணிக்கையே செருப்புதான். ராத்திரி அதைப் போட்டுக்கிட்டு அவர் காட்டுல நடப்பார்ங்கிறது நம்பிக்கை. எங்க கதையில ஸ்ரீவைகுண்டத்துல ஒரு கிழவர் பேச்சி கையில ஒரு ஜோடி செருப்பைக் குடுத்து, மேல கோயில்ல சேர்த்துரும்மான்னு சொல்லுவார். போற வழியில பேச்சி அதைப் போட்டுக்கலாம்.

ஆச்சி இதைக் கேட்டதும் முகம் மாறிடுச்சு. "சாமி செருப்பா? போட்டா போடட்டும். திருப்பிக் குடுத்துரணும். மறந்துராத."

சுத்தமல்லி

2018 கடைசி. மூணாவது அணை, சுத்தமல்லி. அங்க காவல் பூதம் இல்லை. ஒரு வயசான மதகுக் காவல்காரர். மேல இருந்து உத்தரவு வராம மதகைத் திறந்தா என் குடும்பம் சோத்துக்கு என்ன பண்ணும்னு கேட்கிறார். அவரை அடிக்க யாருக்கும் மனசு வரல. பேசித்தான் ஆகணும். வழக்கமா பேசுறது குறுமுனி. அன்னைக்கு அவன் ஒரு கல்யாணத்துக்குக் கோவில்பட்டி போயிட்டான்.

அண்ணாவி என்னைப் பார்த்தான். "அவர் உன்னையே பார்த்துட்டு நிக்கிறார். பேச்சி, நீ என்ன பண்ற?"

"பேசுறேன்."

"என்ன பேசுற?"

"திறக்கச் சொல்றேன்."

"எப்படிச் சொல்ற? சொல்லு."

மூணு பேர் என்னையே பார்த்துட்டு இருந்தாங்க. யாரும் எடுத்துக் குடுக்கல, யாரும் அவசரப்படுத்தல. எனக்கு அந்த அமைதி புதுசு. எங்க வீட்டுல நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள என் வாக்கியத்தை வேற யாராவது முடிச்சிருப்பாங்க. நான் அந்தக் காவல்காரர்கிட்ட பேச ஆரம்பிச்சேன். கொற்கையில ஒரு கிணத்துல எட்டு குடம் வரிசையில நிக்கிறதைச் சொன்னேன். நாங்க வந்த வழியில பார்த்த வயலைச் சொன்னேன். உங்க பேரை யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்னு சொன்னேன். அஞ்சு நிமிஷம் இருக்கும். என் வாழ்க்கையில ஒரே மூச்சுல நான் அவ்வளவு நேரம் பேசினது அதான் முதல் தடவை.

டிபன் பாக்ஸ் வந்துச்சு. 15 தேவை. என் கெத்துக்கு ஒண்ணு கழியும், அதனால 16க்குக் குறையாம வரணும். இருபதுல அஞ்சு சீட்டு. நாலுல ஒரு வாய்ப்பு.

எடுத்தேன். 4.

மாடக்கண்ணு தலையில கை வச்சுட்டான். அண்ணாவி விட்டுக் குடுக்கல. காவல்காரர் தலையை ஆட்டி, முடியாதும்மான்னுட்டு உள்ள போயிட்டார். எனக்கு அப்ப ஆச்சரியமா இருந்தது ஒண்ணுதான். பேசினேன், தோத்துட்டேன், அப்படியே மாடியில உட்கார்ந்திருக்கேன். காத்து அடிக்குது. ஓணான் முறுக்கைக் கடிச்சுட்டு "நல்லாப் பேசுனட்டி"ங்கிறா. வேற ஒண்ணும் ஆகல.

அப்புறம் ராத்திரி ஓணானும் பேச்சியும் போய் மதகைத் தூக்கினோம். செருப்புச் சத்தம் கேட்கல. இருட்டுல எனக்குக் கண்ணு தெரியும். தண்ணி போக ஆரம்பிச்சதும் அண்ணாவி கடைசியா ஒரு வரி சொன்னான். "குடிசைக்குள்ள காவல்காரர் முழிச்சுட்டுதான் இருக்கார். தண்ணி போற சத்தம் அவருக்குக் கேட்குது. அவர் எழுந்து வரல."

நீ என்னம்மா சொல்லுத?

2019 பிப்ரவரி. எனக்குச் சென்னையில ஒரு கம்பெனியில டேட்டா வேலை கிடைச்சது. அதே வாரம் ஒரு ஜாதகமும் வந்துச்சு. பத்துப் பொருத்தத்துல எட்டு இருக்குன்னு வீட்டுல சந்தோஷம். என் கெத்தும் எட்டுதான், அதை யார்கிட்ட சொல்ல?

கூடத்துல எல்லாரும் உட்கார்ந்து பேசுறாங்க. அப்பா, அம்மா, பெரியப்பா, பெரியம்மா, அத்தை. மண்டபம் வரைக்கும் பேச்சு போயிருச்சு. நான் காபி டம்ளரை எடுத்துட்டு உள்ள போகத் திரும்பும்போது பெரியப்பா, ஒரு மரியாதைக்கு, கேட்டார். "நீ என்னம்மா சொல்லுத?"

அது கேள்வி இல்லைன்னு அந்தக் கூடத்துல எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நம்ம வீடுகள்ல அது ஒரு சடங்கு. பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிட்டு உள்ள போகணும், அதுக்கு சரின்னு அர்த்தம். ஆனா ஒன்றரை வருஷமா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் என்கிட்ட ஒருத்தன் கேள்வி கேட்டு, பதில் வர்ற வரைக்கும் நாலு பேர் காத்திருந்திருக்காங்க. அந்தப் பழக்கத்துல நான் நின்னுட்டேன்.

"எனக்கு இப்ப கல்யாணம் வேண்டாம் பெரியப்பா. வேலை கிடைச்சிருக்கு. சென்னைக்குப் போறேன்"னு சொன்னேன். ஏன் வேணும், எவ்வளவு சம்பளம், எங்க தங்குவேன், எல்லாத்தையும் வரிசையாச் சொன்னேன். குரல் நடுங்குச்சு. ஆனா நிறுத்தல. நாலுல ஒரு வாய்ப்புன்னு மனசு கணக்குப் போட்டுட்டே இருந்துச்சு.

முடிச்சேன். யாரும் பேசல. ஃபேன் சத்தம் மட்டும்.

அப்ப மூலையில கட்டில்ல இருந்து ஆச்சி, தாயக்கட்டையை உருட்டிக்கிட்டே, சொன்னாங்க. "ஆமா."

அவ்வளவுதான். விளக்கம் எதுவும் சொல்லல. வில்லுப்பாட்டுல போடுற ஆமா.

உடனே எல்லாம் மாறிடுச்சுன்னு நினைக்காதீங்க. சினிமா இல்லை இது. அப்பா எழுந்து வெளிய போயிட்டார். மூணு மாசம் என்கிட்ட சரியாப் பேசல. கம்பெனியில சேர்ற தேதியைத் தள்ளிக் கேட்டு வாங்கினேன். மே மாசம் ஒரு நாள் சாயங்காலம் அப்பா வந்து, டிவி மேல ஒரு பேப்பரை வச்சுட்டு, ஒண்ணும் சொல்லாம மாடிக்குப் போயிட்டார். நெல்லை எக்ஸ்பிரஸ் டிக்கெட்.

செருப்பைத் திருப்பிக் குடுத்தது

நான் சென்னை. ஓணான் கோயம்புத்தூர். குறுமுனி துபாய். அண்ணாவியும் மாடக்கண்ணும் ஊர்லயே. கதை கன்னடியன் அணைக்கிட்ட நின்னு போச்சு. 2020 லாக்டவுன்லதான் மறுபடி வீடியோ கால்ல உட்கார்ந்தோம். எல்லாரும் வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்த காலம். பேச்சி மட்டும் காட்டுல நடந்துட்டு இருந்தா.

கடைசி நாள் காரையாருக்கு மேல வந்துட்டோம். ஆறு திரும்பி ஓட ஆரம்பிச்சிருச்சு. மத்த மூணு பேரும் கீழ இறங்கப் போறாங்க. அண்ணாவி கேட்டான், "பேச்சி, நீ என்ன பண்ற?"

"சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போறேன். செருப்பைக் கழட்டி பட்டவராயன்கிட்ட வைக்கிறேன்."

"அப்புறம்?"

"வெறுங்கால்ல மலைக்கு மேல நடக்கிறேன்."

அண்ணாவி கொஞ்ச நேரம் பேசல. நெட்வொர்க் போயிருச்சோன்னு பார்த்தேன். அப்புறம் "ஆமா"ன்னான். நாலு ஸ்கிரீன்லயும் ஒவ்வொருத்தரா ஆமா போட்டாங்க. ஆச்சிக்குப் போன் பண்ணி, குடுத்தாச்சு ஆச்சின்னு சொன்னேன். "நல்லது"ன்னாங்க. அதுக்கு அடுத்த வருஷம் ஆச்சி தவறிட்டாங்க. தாயக்கட்டை இப்ப என்கிட்ட இருக்கு.

2023 டிசம்பர் 17, 18. அந்த மழையை மறக்க முடியாது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கிட்ட பெய்தது. தாமிரபரணி ரெண்டு கரையும் உடைஞ்சு ஊருக்குள்ள வந்துச்சு. அண்ணாவி அப்ப ஜங்ஷன் பக்கம் தரைத்தளத்துல குடியிருந்தான். இடுப்பு வரைக்கும் தண்ணி. ஆட்கள் எல்லாம் பத்திரம். ஆனா எங்க கதை மொத்தமும் இருந்த மூணு நோட்டு கீழ் அலமாரியில இருந்துச்சு.

ஒரு விஷயம் அப்பதான் தெரிஞ்சுக்கிட்டோம். அவன் கதையை எழுதினது ஜெல் பேனாவுல. எல்லாம் கரைஞ்சு நீலமா ஒரு கறை, அவ்வளவுதான். ஆனா பாத்திரங்களோட தாள் எல்லாம் பென்சில்ல எழுதினது. உயிர் எண்ணிக்கை மாறிட்டே இருக்கும், அழிச்சு அழிச்சு எழுதணும்கிறதால. பென்சில் தண்ணியில கரையாது. காய வச்சு எடுத்தப்ப பேச்சி அப்படியே இருந்தா. விவரம் 14, கெத்து 8, இருட்டில் 60 அடி.

கதை எழுத்துல போச்சு. இப்ப அது எங்க அஞ்சு பேர் தலைக்குள்ள மட்டும்தான் இருக்கு, அஞ்சு விதமா. 2024 தை மாசம் நாலு பேர் ஊர்ல சேர்ந்தோம், குறுமுனி போன்ல. ஒரு ஜோடி தோல் செருப்பு வாங்கிட்டு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போனோம். அது புலிகள் காப்பகத்துக்குள்ள இருக்கிறதால பாபநாசம் செக்போஸ்ட்டைத் தாண்டித்தான் போகணும், சாயங்காலத்துக்குள்ள இறங்கிடணும். ரேஞ்சர் ஜீப் கூட எதிர்ல வந்துச்சு. "இன்னைக்கு எல்லாருக்கும் ஆறரை மணி ரூல்"ன்னு ஓணான் சொன்னா. வண்டியில சிரிப்பு அடங்க பத்து நிமிஷம் ஆச்சு. செருப்பை வச்சோம். கீழ இறங்குற வழி முழுக்க, குறுக்குத்துறையில கயிறு கட்டினது யாருன்னு மறுபடி சண்டை.

நீங்க ஆரம்பிக்கணும்னா

நிறைய பேர் இன்பாக்ஸ்ல கேட்கிறீங்க, இதெல்லாம் செலவாகுமான்னு. ஆகாது. அடிப்படை விதிகள் இணையத்துல இலவசமாவே கிடைக்குது. பகடை இல்லைன்னா 20 சீட்டு எழுதுங்க, எடுத்ததைத் திரும்பப் போட மறக்காதீங்க. டிராகன், கோட்டை எல்லாம் வேணும்னு இல்லை. உங்க ஊர்ல ஒரு ஆறோ, ஏரியோ, பழைய மில்லோ இருக்கும். அதை எடுத்துக்கோங்க. தாள்ல பென்சில்ல எழுதுங்க, காரணம் சொல்லிட்டேன். நாலு பேர் போதும். முதல் நாள் மூணு மணி நேரத்துக்கு மேல வேண்டாம்.

கதை சொல்றவங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். கேள்வியைக் கேட்டுட்டு காத்திருங்க. உங்க குழுவுலயும் பேசாத ஒருத்தர் இருப்பாங்க, மூலையில, சீட்டுப் பெட்டியைப் பிடிச்சுக்கிட்டு. அவங்களைத் தாண்டி அடுத்த ஆளுக்குப் போயிடாதீங்க. அவங்க யோசிச்சுட்டு இருக்காங்க. வரும்.

உங்க பாத்திரத்தோட பேரை எனக்கு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல வாசிக்கிறேன். எங்க குழுவுல புதுக் கதை வர்ற மாசம் ஆரம்பிக்குது. இந்தத் தடவை அண்ணாவி நான்தான். முதல் அணைக்கிட்ட இருந்து இல்லை, கடல்ல இருந்து. சந்திப்போம்.